உயர்திணை வலி

சகாய ஆனந்த் பாடிப் போகும்போதெல்லாம் நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். அவன் என் தம்பி. கபடியில் எதிரணிக்குள் நுழைகிறவன் மூச்சு விடாமல் "கபடி கபடி" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதைத்தான் எங்கள் பக்கம் பாடுவது என்போம். அவன் பாட்டு முடிவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிடும். அவனைவிட நாலு வயது மூத்தவள், பள்ளிக்கூடத்தில் கோகோ ஆடியவள், அப்படியிருந்தும் ஒருமுறைகூட அவன் மூச்சை என்னால் எட்ட முடிந்ததில்லை.

வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து மாதா கோயில் கேட் வரை ஒரே மூச்சில் பாடிக்கொண்டு ஓடுவான். விடிந்தும் விடியாத நேரமாக இருக்கும். அப்பாவின் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு நான் சைக்கிளில் பின்னாலேயே போவேன். காலைப் பூசைக்கு வருகிறவர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, விலா எலும்பெல்லாம் ஏறி இறங்க, "எத்தனைக்கா?" என்று கேட்பான். ஐம்பத்திரண்டு வினாடி என்று நான் சொன்ன நாளில் என்னைச் சைக்கிளோடு தூக்கப் பார்த்தான். இரண்டு பேரும் விழுந்தோம். முழங்கை சிராய்ந்து நான் திட்டிய திட்டில் உள்ளே பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியாரே ஒரு நிமிஷம் நிறுத்தினாராம். இன்றைக்கு அந்த விலா எலும்புகளை நினைத்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது.

பெரம்பலூரில் காலேஜ் படித்தான். படித்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு, ஆடினான் என்பதுதான் உண்மை. கூட ஆடியவன் குரும்பலூர் கொளஞ்சியப்பன். இவன் பாடிப் போவான், அவன் பாடி வருகிறவனைப் பிடிப்பான். வாலிகண்டபுரத்தில் ஒரு பொங்கல் போட்டியில் நாலு பேர் மேலே விழுந்து கிடக்க, அடியிலிருந்து ஒற்றை விரலை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டு ஜெயித்துக் கொடுத்தான் என் தம்பி. மைக்கில் பேசியவர் பெயர் தெரியாமல் "அந்த ஒல்லிப் பையன்" என்றார். "அவன் பேரு சகாய ஆனந்த்!" என்று கூட்டத்திலிருந்து நான் கத்தினேன். "தகவலுக்கு நன்றி சகோதரி" என்று அவர் மைக்கிலேயே சொல்ல, மைதானம் மொத்தமும் சிரித்தது. அந்தச் சிரிப்பை நான் இப்போதும் எடுத்து எடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அவனுக்கு இருபத்திரண்டு வயதானபோது, ஏலாக்குறிச்சித் திருவிழாப் போட்டியில் பாடிப் போனவன் எதிரணிப் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டான். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. அவனாகவே பாட்டை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் நடந்து வந்தான். "நடுவர் விசில்லயே என்னப் பத்திப் பேசுறாருக்கா" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நான் சிரித்தேன்.

அதற்கப்புறம் யார் யாரோ அவன் காதுக்குள் பேசினார்கள். நேர்ச்சை வைத்தோம், மந்திரித்தோம், கடைசியில்தான் டாக்டரிடம் போனோம். மனச்சிதைவு என்று நோய்க்குப் பெயர் சொன்னார்கள். மாத்திரை குரல்களை ஒரு மூலையில் உட்காரவைத்தது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவன் என்னோடு இருக்கிறான். என் வீட்டுக்காரர் குவைத்தில். நான் இங்கே ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர்.

ஆரம்பத்தில் பார்த்த டாக்டர் எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். "அவர் யாரையாவது பத்திச் சொன்னா, இல்லைன்னு சண்டை போடாதீங்க, ஆமாம்னும் சொல்லாதீங்க. பேச்சை மாத்திடுங்க." நான் அதில் தேர்ச்சி பெற்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் பேச்சை மாற்றுவதில் என்னை மிஞ்ச அரியலூர் மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. சுவருக்குப் பின்னால் ஒருத்தன் நிற்கிறான் என்று அவன் சொல்வான். சாம்பாருக்கு முருங்கைக்காய் போடட்டுமா என்று நான் கேட்பேன். அப்படித்தான் எங்கள் வீடு ஓடியது. டாக்டர்களிடமும் அவனுக்காக நான்தான் பேசுவேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

மாத்திரை இன்னொன்றும் செய்தது. அவனுக்குப் பசி அடங்கவே இல்லை. தூக்கமும் அப்படித்தான். ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவன் தொண்ணூற்றேழு ஆனான். முன்பு முந்திரித் தோப்புக்கு வேலைக்குப் போவான், அதுவும் நின்று, பீடியும் கட்டிலுமாக இருந்தான். போன வருஷம் அரியலூரில் மாதாந்திரப் பரிசோதனைக்குப் போனபோது ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் கூடியிருந்தன. அங்கே இருந்த டாக்டரம்மா என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

"இந்த மாத்திரையால எடை கூடும்மா. அதுக்காக நிறுத்திடாதீங்க, நிறுத்துனா பழையபடி ஆயிடும். ஆனா இந்த நோய் இருக்கிறவங்க நெறைய பேரு மனசால போறதில்ல, இருதயத்தாலதான் சீக்கிரம் போயிடுறாங்க. பீடிய விடச் சொல்லுங்க. தெனம் நடக்க வைங்க. நெஞ்சு வலிக்குது, மூச்சு வாங்குதுன்னு சொன்னா ஒடனே கூட்டிட்டு வந்துடணும், சரியா?"

என் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் தலையாட்டுவதைப் போல நானும் தலையாட்டினேன்.

மறுநாளே ஒரு விசில் வாங்கினேன். காலை ஐந்தரைக்கு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஊதினேன். "அக்கா, பக்கத்து வூட்டு ஆட்டுக்குட்டி கத்துது பாரு, நிறுத்துக்கா" என்று கெஞ்சினான். நான் நிறுத்தவில்லை. வீட்டிலிருந்து முந்திரித் தோப்பு வழியாக ஏரிக்கரை மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கித் திரும்பினால் நாற்பது நிமிஷம். பத்து நாளில் பீடி ஐந்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று கூடுதலாகப் போட முடிந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். உடற்பயிற்சி ஒருபுறம் இருக்க, எனக்கு அதில் கிடைத்த லாபம் வேறு. நடக்கும்போது அவன் பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசுவான். எந்த ஊர், எந்த மூலையில் எவன் நின்றான், எப்படித் தப்பித்தான் என்று ஒன்று விடாமல் நினைவு வைத்திருந்தான். அந்த நாற்பது நிமிஷமும் எனக்கு என் பழைய தம்பி கிடைத்தான்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள் ஏரிக்கரை மேட்டில் பாதி ஏறும்போது நின்றுவிட்டான். கையை நடு நெஞ்சில் வைத்துக்கொண்டு, "புடிக்கிறான்க்கா" என்றான்.

நெஞ்சைப் பிடிக்குது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அவன் புடிக்கிறான் என்றான். ஏழாம் வகுப்புக்கு நான் வருஷா வருஷம் நடத்துகிற பாடம் அது. மனிதர்கள் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. பிடிக்குது என்றால் வலி. பிடிக்கிறான் என்றால் ஒரு ஆள். சுவருக்குப் பின்னால் நின்றவன் இப்போது ஏரிக்கரைக்கும் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அந்த வாலிகண்டபுரம் மேட்ச்சுல உன் மேல விழுந்தது நாலு பேரா, அஞ்சு பேரா?" என்று கேட்டேன்.

"நாலு" என்றான். நெஞ்சிலிருந்து கையை எடுக்காமலேயே சிரித்தான். கொஞ்சம் நின்றோம். பிறகு நடந்தான்.

அப்புறம் தினமும் அதே இடம், அதே வார்த்தை. நானும் தினமும் ஒரு பழைய ஆட்டத்தைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு போவேன். அவன் நின்றதும் எடுத்து நீட்டுவேன். அவன் பதில் சொல்வான். எங்கள் சின்ன வயதை எவ்வளவு அழகாகப் பேசினோம் தெரியுமா அந்த மேட்டில் நின்று. இப்படி நாற்பது நாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கொளஞ்சியப்பன் வந்தான். குரும்பலூரில் விதைக்கடை வைத்திருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தைக் காரில் போட்டுக்கொண்டு நண்பனைப் பார்க்க வருவான். அன்று ராத்திரி தங்கியவன், மறுநாள் காலையில் விசில் சத்தம் கேட்டு எழுந்து வந்தான். "அக்கா, நீங்க அப்ப கோச்சா இருந்திருந்தா நாங்க இந்தியா டீமுக்கே போயிருப்போம்" என்று கும்பிட்டான். மூன்று பேருமாக நடந்தோம். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் தோளில் கை போட்டுக்கொண்டு போக, எனக்கு இருபத்தைந்து வருஷம் பின்னால் போனது போலிருந்தது.

மேட்டில் கால் வைத்ததுமே ஆனந்து நின்றான். "புடிக்கிறான்டா" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கொளஞ்சியப்பன் கேட்டுவிட்டான். "எங்கடா புடிக்கிறான்?"

என் தம்பியின் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. யாரோ கேட்டுவிட்டார்கள்.

"நடு நெஞ்சுலடா. அங்கேருந்து எடது தோளு, கையி, தாடை வரைக்கும் இழுக்குறான்."

"எப்ப?"

"மேட்டுல ஏறும்போதுதான். நின்னா விட்டுடுவான். எறங்கும்போது வரவே மாட்டான்." அவன் மூச்சு அறுந்து அறுந்து வந்தது. "இன்னைக்கு விட மாட்டேங்குறான்டா."

நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. காலை ஆறு மணி, காற்று குளிர்ந்துதான் இருந்தது. கொளஞ்சியப்பன் அவனை அப்படியே கரையில் உட்காரவைத்துவிட்டு என்னைப் பார்த்தான். எனக்கு வந்ததோ கோபம். "அவன் எப்பவும் இப்படித்தான் சொல்லுவான் கொளஞ்சி. நீ கேள்வி கேட்டு அதிகமாக்காத" என்றேன்.

"எத்தினி நாளா சொல்லுறான்?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்."

"அய்யோ அக்கா! எனக்கு ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அடைப்பு வந்து ஸ்டென்ட் வச்சாங்கள்ல, இதேதான், இதே எடந்தான். அவன் ஆட்டக்காரன்க்கா. புடிக்கிறதுன்னா அவனுக்கு எதிராளி புடிக்கிறதுதான். வேற எப்படிச் சொல்லுவான்? இங்க ஆளு இல்ல, இது நெஞ்சு வலி. நான் போய்க் காரை எடுத்துட்டு வரேன்."

கொளஞ்சியப்பன் தன் தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் என் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கை அவன் முதுகில் இருந்தது. "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வரவில்லை.

பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர், ராத்திரி முழுக்கக் கண் விழித்த முகம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். சொன்னேன். இரண்டாவது மாத்திரையின் பெயரிலேயே அவர் முகம் தளர்ந்தது.

"சைக்யாட்ரி பேஷண்டா? என்ன செய்யுதாம்?"

"நெஞ்சுல ஒருத்தன் புடிக்கிறான் சார்" என்றான் ஆனந்து, படுத்தபடியே.

டாக்டர் எனக்கு மட்டும் தெரியும்படி புன்னகை செய்தார். "பதட்டம்தாம்மா. பயப்படாதீங்க. தூங்க ஒரு ஊசி போடுறேன், எழுந்தா சரியாயிடுவாரு."

அவரை அடிக்கலாமா என்று வந்தது எனக்கு. அடிப்பதென்றால் முதலில் என்னை அல்லவா அடித்துக்கொள்ள வேண்டும். நாற்பது நாளாக நான் செய்ததைத்தான் அவரும் செய்கிறார். முருங்கைக்காய்க்குப் பதில் ஊசி, அவ்வளவுதான் வித்தியாசம்.

"சார், ஊசி வேண்டாம். அவனைக் கேளுங்க" என்றேன்.

"நீங்களே சொல்லுங்கம்மா."

"நான் சொல்ல மாட்டேன் சார், நான் சொன்னா தப்பாச் சொல்லிடுவேன். அவன்கிட்ட எங்க வலி, எப்ப வலின்னு கேளுங்க. புடிக்கிறான்னு சொல்லுவான். அவன் புடிக்கிறான்னு சொன்னா நீங்க புடிக்குதுன்னு எழுதிக்குங்க. இலக்கணப் பிழை அவ்வளவுதான், நான் தமிழ் டீச்சர், திருத்திக்கிறேன். நீங்க ஈசிஜி எடுங்க!"

நான் வகுப்பில் கத்துகிற சத்தம் அது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு ஆனந்து பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆனந்து பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தான். "நீயே சொல்லுடா" என்றேன். சொன்னான். நடு நெஞ்சு, தோள், தாடை, மேடு, இறக்கம், எல்லாம் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல டாக்டரின் தூக்கம் கலைந்தது. நர்சைக் கூப்பிட்டு ஈசிஜி மிஷினைக் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்த காகிதத்தைப் பார்த்ததும் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நாலு மாத்திரையைக் கையில் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார், ஆம்புலன்சுக்குப் போன் செய்தார், திருச்சிக்கும் போன் செய்தார். கிளம்பும்போது வண்டி வரை வந்து, "சாரிம்மா" என்றார். "நானும்தான் சார்" என்றேன்.

ஆம்புலன்சில் அவன் கை என் கைக்குள் இருந்தது. அப்பாவின் கடிகாரம் இல்லை, போனைப் பார்த்துப் பார்த்து நிமிஷத்தை எண்ணிக்கொண்டே போனேன். அன்று மத்தியானம் திருச்சியில் இரண்டு இடத்தில் அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கஷ்டம் என்று சொன்னார்கள். கொளஞ்சியப்பன் ஆஸ்பத்திரி வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். நான் அழவில்லை. எனக்கு அழ உரிமை இருப்பதாகவே தோன்றவில்லை.

மூன்றாம் நாள் அவனை வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் வழியாக வெயில் அவன் காலில் விழுந்துகொண்டிருந்தது. இட்லி ஊட்டினேன். இரண்டுக்கு மேல் தர மாட்டேன் என்றேன், முறைத்தான். அவன் வாயைத் துடைத்துவிட்டு, மூன்று நாளாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

"ஆனந்து, என்ன மன்னிச்சிருடா. நாப்பது நாளு தெனம் தெனம் எங்கிட்ட சொன்ன. நான் உன்னக் கதை பேச வச்சு நடக்க வச்சேன்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"சொன்னேனாக்கா? வாயாலயா?"

எனக்குப் புரியவில்லை. "என்னடா கேக்குற?"

"நீ ஒரு நாளு கூட பதில் சொல்லல. நான் ஒண்ணு சொன்னா நீ வேற ஒண்ணு கேட்ட. அதான் நான் வாயத் தொறந்து சொல்லவே இல்ல போலருக்கு, உள்ளுக்குள்ளதான் சொல்லிக்கிறேன்னு நெனச்சேன். வலியும் அந்தக் கொரலு மாதிரிதான், நெசமில்லன்னு நெனச்சுக்கிட்டேன். உனக்குக் கேக்கலதானேக்கா?"

அவன் எனக்கு வழிவிட்டான். வேண்டுமென்று விட்டானா, தெரியாமல் விட்டானா, எனக்குத் தெரியாது. கேட்கலடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவனும் நம்பியிருப்பான். ஆனால் அதற்கப்புறம் தன் வாயை அவன் எப்போதுமே நம்பியிருக்கமாட்டான்.

"கேட்டுச்சுடா" என்றேன். "ஒவ்வொரு நாளும் நல்லாக் கேட்டுச்சு. நாந்தான் நம்பல."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவன் தலையணையில் சாய்ந்து நீளமாக மூச்சை இழுத்து விட்டான்.

"அப்பாடா" என்றான். "அப்ப நான் சொல்லியிருக்கேன்."